மறுக்கும் முன் ஒரு வரி

பள்ளி ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் பேசுவது மாணவர். வாதம் பெரும்பாலும் ஆசிரியருடையது. நாம் எழுதித் தருகிறோம், அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். எதிரணி சொன்னதைக் காதில் வாங்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. நானும் பல ஆண்டுகள் எழுதித் தந்தவன்தான்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் எழுத்து விவாதம் நடத்துகிறேன். இருவருக்கு ஒரே தாள். ஒருவர் தம் கருத்தை மூன்று நான்கு வரிகளில் எழுதித் தாளைத் தருவார். மற்றவர் உடனே மறுக்கக் கூடாது. 'நீ சொல்வது இது' என்று அந்த வாதத்தை முதலில் தம் சொற்களில் எழுத வேண்டும். 'ஆம், அதுதான்' என்று எழுதியவர் கையொப்பமிட்ட பிறகே மறுப்பு. ஒரு பாடவேளையில் மூன்று சுற்று முடிகிறது.

இது நமக்குப் புதிதன்று. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கூறும் எழுவகை மதங்களில் உடன்படல், மறுத்தல் ஆகியவற்றை அடுத்து வருவது, பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின்னர் அதைக் களைதல்.

முதல் வாரம் குழப்பம்தான். 'படிக்கப் பிடிக்காததால் இப்படிச் சொல்கிறாய்' என்பது போன்ற வரிகளே வந்தன. கையொப்பமிட மறுத்துச் சண்டை. அதன்பின் வந்த தலைப்பு, 'விடுமுறையில் வீட்டுப்பாடம் வேண்டுமா?' வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி எழுதினாள்: "வீட்டுப்பாடம் இருந்தால்தான் அம்மா என்னை உட்கார விடுவார். இல்லையென்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்." எதிரே இருந்த மாணவன் அதைத் தன் சொற்களில் எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "அப்படியானால் உனக்கு வேண்டியது வீட்டுப்பாடம் இல்லை, படிக்க நேரம்" என்று மறுத்தான். அவள் விடவில்லை. "நேரம் கேட்டால் கிடைக்காது. வீட்டுப்பாடம் என்றால் கிடைக்கும்."

இருவரில் யாருக்கும் நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நெருங்கிய நண்பர்களை இணை சேர்க்காதீர்கள். இரண்டாம் சுற்றிலேயே சமாதானமாகிவிடுவார்கள். 'அறிவியல் ஆக்கமா அழிவா' போன்ற தலைப்புகளுக்கு வழிகாட்டி நூல் வரிகளே வந்து விழும். விவாதம் நடக்கும்போது சந்திப்பிழை, ஒற்றுப்பிழையைத் தொட வேண்டாம். சிவப்பு மையைக் கண்டதும் எழுதுவது நின்றுவிடுகிறது. தாளைத் திருத்தும்போது மறுப்பை விட, கையொப்பம் பெற்ற அந்த வரியை முதலில் படியுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே வைத்திருக்கிறேன்.