முதல்ல ஷட்டில், அப்புறம்தான் சுவர்: லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தலைகீழ் கட்டுமானம்!

கட்டடத்தை முடித்த பிறகுதான் அருங்காட்சியகத்துக்குள் விமானம் வரும். லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா அறிவியல் மையமோ, 'எண்டெவர்' ஷட்டிலை முதலில் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் புதிய கட்டடத்தை எழுப்பியது.

ஏன் இப்படி?

ஏவுதளத்தில் நின்ற அதே கோலத்தில், மூக்கு வானத்தைப் பார்க்க எண்டெவரை நிறுத்த வேண்டும் என்பதுதான் திட்டம். டிஸ்கவரி, அட்லாண்டிஸ் ஷட்டில்கள் வேறு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் செங்குத்தாக நிற்பது இது மட்டும்தான். எரிபொருள் டேங்க், 2 பூஸ்டர்கள் சேர்த்து உயரம் சுமார் 56 மீட்டர். கூரை போட்ட பிறகு இதை உள்ளே நுழைக்க முடியுமா? அதனால்தான் 2024 ஜனவரியில், திறந்தவெளியில் ராட்சத கிரேன் வைத்துத் தூக்கி, டேங்கோடு பொருத்தினார்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

கலிஃபோர்னியாவுக்கு நிலநடுக்கம் புதுசில்லை. அதனால் அடித்தளத்தில் 6 அதிர்வு தாங்கிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். தரை குலுங்கினாலும் மேலே அதன் வேகம் குறைந்துவிடும்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை?

ஒவ்வொரு பயணத்திலும் டேங்கைக் கழற்றிவிடுவார்கள். அது வளிமண்டலத்தில் எரிந்து சிதறிவிடும். பறக்கத் தயாராகி, பறக்காமலே மிஞ்சிய டேங்க் இது ஒன்றுதான். 25 முறை விண்ணுக்குப் போய்வந்த எண்டெவரும் சரி, ஒருமுறைகூடப் போகாத இந்த டேங்கும் சரி, சேதமானால் மாற்று கிடையாது!