தலைக்குச் செல்லும் நாடிகள்

மனித மூளை உடலின் நிறையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கேயாம். ஆயினும், ஓய்ந்திருக்கும் வேளையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏழில் ஒரு பங்கு அளவினை அது தனக்கென வாங்கிக்கொள்கின்றது. அவ்வழங்கல் பத்து வினாடி நின்றாலும் உணர்வு கெடும். இத்துணை அருமை வாய்ந்த குருதியை மேலே கொண்டுசெல்லும் நாடிகள் முலையூட்டிகள் யாவற்றிலும் ஒரே வகையாய் அமைந்திருக்குமென்று மாணவர் எண்ணுதல் இயல்பு. அவ்வாறன்று.

பெருநாடியின் வில்லிலேயே வேறுபாடு தொடங்குகின்றது. மனிதனில் அவ்வில்லினின்று மூன்று கிளைகள் எழுகின்றன, நாயில் இரண்டு, குதிரையிலும் மாட்டிலும் ஒரு பெருங்கிளையே எழுந்து பின்னர்ப் பிரிகின்றது. எவ்வழியாற் பிறப்பினும், சிரசு நாடிகள் இரண்டும் மூச்சுக்குழலின் இருமருங்கும் மேலேறுகின்றன. கழுத்தில் விரல் வைத்து நாம் உணருந் துடிப்பு இவற்றினதே. (இரு பக்கத்தையும் ஒருங்கே அமுக்கிப் பார்த்தல் ஆபத்தானது, மாணவர் இதனை மறவாதிருப்பாராக.) மனிதனிற் குரல்வளையின் மேல்விளிம்பை அணுகியதும் ஒவ்வொன்றும் இரண்டாகின்றது. வெளிச் சிரசு நாடி முகம், நா, தாடை, தலைத்தோல் என்பவற்றுக்கும், உட்சிரசு நாடி மண்டையோட்டினுட் புகுந்து மூளைக்கும் கண்ணுக்கும் குருதி வழங்கும். இவற்றையன்றி, கழுத்து முள்ளென்புகளின் பக்கத் துளைகளினூடாக இரு நாடிகள் ஏறி, மூளையின் அடியில் ஒன்றுகூடுகின்றன.

இனி ஆட்டைப் பார்ப்போம். ஆட்டுக்குட்டி பிறந்தபின் அதன் உட்சிரசு நாடியின் கீழ்ப்பகுதி சிறிது சிறிதாய் அடைபட்டு வெறும் நாராகிவிடுகின்றது! மூளைக்கு வேண்டிய குருதி, மேற்றாடைக்குச் செல்லும் வெளிநாடியின் கிளைகள் வழியே மண்டையோட்டினுட் புகுந்து, அங்கே நுண்ணிய நாடிகளாலாகிய ஒரு வலையிற் பரந்து, மீண்டும் ஒரு நாடியாய்த் திரண்டு மூளையை அடைகின்றது. மாட்டிலும் ஒட்டகச்சிவிங்கியிலும் இவ்வலை உண்டு. முயலிலும் குதிரையிலும் மனிதனிலும் இல்லை.

இவ்வலையே மருத்துவ வரலாற்றில் ஒரு பெரும் மயக்கத்துக்குக் காரணமாயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கலென், விலங்குகளை வெட்டிக் கண்ட இவ்வலையை மனிதனுக்கும் உரியதாக்கி, மூளையின் உயிர்ச்சத்து அங்கேதான் வடிக்கப்படுகின்றதென்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக அஃது ஐயமின்றிக் கற்பிக்கப்பட்டது. 1521 இல் இத்தாலியரான பெரெங்காரியோ தாம் தேடியும் அதனைக் காணவில்லையென எழுதினார். வெசேலியசோ 1538 இல் வெளியிட்ட படங்களில் அவ்வலையை வரைந்தே காட்டினார். 1543 இல் வெளிவந்த தம் பெருநூலில் மனிதனில் அஃதில்லையென மறுத்தார். முன்னர்த் தாம் மனிதத் தலையை வெட்டிக் காட்டும்போதெல்லாம் வலையைக் காட்டுதற்கென ஓர் ஆட்டின் அல்லது மாட்டின் தலையை அருகே வைத்திருந்ததாகவும் அவரே ஒளியாது உரைத்தார். கண்முன் கிடந்த உடலினும் ஏட்டின் சொல்லே அன்று வலிதாயிருந்தது.

அவ்வாறாயின் ஆட்டுக்கு அவ்வலை எதற்கு? வலை முழுவதும் நாளக்குருதி தேங்கிய ஒரு குழியில் அமிழ்ந்து கிடக்கின்றது. மூக்கின் ஈரத்தோலிற் குளிர்ந்து திரும்பும் அக்குருதி, நாடிக்குருதியின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, மூளை உடலினுஞ் சற்றுக் குளிர்ந்திருக்கின்றது. வெயிலிலிருந்து மூளையைக் காப்பதே இதன் பயனென முன்னர்க் கருதினர். மூளை குளிர்ந்திருப்பதால் வியர்த்தலும் இளைத்தலும் குறைந்து உடலின் நீர் மிஞ்சுகின்றது என்பதே அண்மைக்கால ஆய்வாளர் பலர் வற்புறுத்துங் கருத்து. வறண்ட நிலத்தில் மேயும் விலங்குக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

வலையற்ற மனிதனுக்கு வேறொரு காப்பு உண்டு. சிரசு நாடிகளும் முள்ளென்பு வழி வந்த நாடிகளும் மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகின்றன. முலையூட்டிகளில் இவ்வளையம் பொதுவானதே. ஆட்டில் அதனை நிரப்புவது வலை. ஆங்கில மருத்துவரான தோமசு வில்லிசு 1664 இல் இதனை விளக்கியமையால், அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அந்நூலின் படங்களை வரைந்தவருள் ஒருவர், பின்னர் இலண்டன் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறித்தோபர் இரென் என்பது பலர் அறியாதது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரை வில்லிசு வெட்டிச் சோதித்தபோது, வலப்பக்கச் சிரசு நாடி கல்லாய் இறுகி ஏறத்தாழ முழுவதும் அடைபட்டிருக்கக் கண்டார். அம்மனிதர் உயிரோடிருந்த காலத்து மூளைநோய் எதுவும் அவரை வருத்தியதில்லை. அதே பக்கத்து முள்ளென்பு நாடி மற்றையதினும் மும்மடங்கு பருத்திருந்தது.