பிசின் கட்டிய கோட்டைகள்

நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கப்படும் பிசின், கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில் தென்பகுதிக் கிராமங்களில் விளைவதாகும். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவா வணிகர்கள், கடற்கொள்ளையருக்கு அஞ்சி இக்கிராமங்களைக் கோட்டைகளாகவே கட்டினர். மெஸ்டாவில் வெளிவரிசை வீடுகளின் பின்சுவரே ஊர் மதில். சந்துகளில் புதியவர் வழி தவறுவார். பிர்கியில் வீட்டுச் சுவரெங்கும் பூச்சைச் சுரண்டி வரைந்த கோலங்கள் கண்ணைக் கவரும். ஆனால் அன்றைய காவல் பிசினுக்கே; பிசின் திருடிய குடியானவனுக்குக் கடுந்தண்டனை கிடைத்தது.

மரத்தைப் போத்து நட்டு வளர்க்கின்றனர். ஐந்தாறு ஆண்டுகளில் பிசின் தரும். கோடையில் மரத்தடியைக் கூட்டிச் சமன் செய்து, வெள்ளைச் சுண்ண மண்ணைத் தூவி, பட்டையில் சிறு கீறல்கள் இடுவர். சொட்டும் பிசின் இரண்டு, மூன்று வாரங்களில் இறுகும். அதைப் பொறுக்கித் தூசு நீக்குவது குளிர்காலம் முழுவதும் பெண்களின் வேலை. இத்தனைக்கும் மரத்துக்குச் சராசரியாக 200 கிராம்கூடத் தேறுவதில்லை!

விலை வீழ்ச்சியால் நொந்த விவசாயிகள் 1938-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பிசின் அதன் வழியே விற்பனையாகிறது. 2012 ஆகஸ்டில் பரவிய தீயில் பல தோப்புகள் கருகின. அங்கே மீண்டும் போத்து நட்டவர்கள் முதல் கீறலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.