புதுப்பித்த எஞ்சின் ஏன் புறப்படுவதில்லை?

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் வண்டி ஒரு நாள் நின்றுவிட்டதென்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த உறுப்புகளில் ஏதோ ஒன்று இன்று கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் போதும். ஆனால் அக்கக்காகப் பிரித்து, ரீபோர் செய்து, மீண்டும் பூட்டிய எஞ்சினின் சங்கதி வேறு. கெட்டுப்போன உறுப்பு ஒன்றுகூட இல்லாமலே அது புறப்படாமல் இருக்கலாம். நல்ல உறுப்பு ஒன்று திசைமாறி உட்கார்ந்திருந்தாலே காரியம் கெட்டுவிடும்.

திண்டுக்கல்லில் வாழ்பவர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழவேண்டும். எல்லாம் ஒரே வேளையில் எழுந்தால்தான் தாழ் நகரும். எஞ்சினுக்கும் மூன்று தேவைகள் உண்டு: காற்றோடு கலந்த பெட்ரோல், அதை நெருக்கும் அழுத்தம், கொளுத்தும் தீப்பொறி. மூன்றும் இருந்தால் மட்டும் போதாது. உரிய கணத்தில் ஒன்று சேரவேண்டும்.

உதாரணத்திற்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் என்ற பெயரில் வெளிவந்த அந்த வண்டியை, 1961 முதல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனியார் தயாரித்தார்கள். நான்கு சிலிண்டர், 948 சி.சி. எஞ்சின். மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கம் முழுவதையும் தூக்கிச் சாய்த்துவிடலாம் என்பதால், முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்கின் முதுகுக்கு இவ்வளவு இரக்கம் காட்டிய வண்டி வேறொன்றை நான் பார்த்ததில்லை. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு வெகுகாலமாயிற்று. ஆகவே, அலைந்து திரிந்து வாங்கிப் போட்ட பேரிங்கை ஒரு நாள் அவசரத்தில் தேய்த்துவிட்டால் இன்னொன்று கிடைப்பது அரிது. இதை மனத்தில் வைத்துத்தான் சோதனையைத் தொடங்கவேண்டும்.

முதல் வேலை, புறப்பட வைப்பதன்று, எண்ணெய் ஏற்றுவது. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் மோட்டாரை விட்டுவிட்டுச் சுற்றவேண்டும். பிளக் இல்லாததால் எஞ்சின் பாரமின்றிச் சுற்றும், பேட்டரியும் பிழைக்கும். சிலிண்டரில் விட்ட எண்ணெய், இன்னும் படியாத புது ரிங்குகளுக்கு அழுத்தம் பிடிக்கவும் உதவும்.

செல்ஃப் மோட்டார் முக்கி முனகிச் சுற்றுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லுமுன் எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர்மேல் அமர்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின்சார இணைப்புத் தருவது அந்தப் பட்டைதான். அழகுக்காக எஞ்சினுக்குப் பெயிண்டு அடிக்கும்போது அது உட்காரும் இடத்திலும் பூசிவிடுகிறார்கள். பெயிண்டின் வழியே கரன்ட் போகாது. பட்டையைப் பூட்டவே மறந்துவிட்டாலோ, கரன்ட் சோக் கேபிள் வழியே திரும்பி அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

அடுத்தது தீப்பொறி. புதுப் பாயிண்டுகளின் முகத்தில், துருப் பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும். சுத்தமான காகிதத்தை இடையில் செருகி இழுத்தாலே போய்விடும். இடைவெளி ஓர் அங்குலத்தில் 1000-இல் 15 பங்கு. ஒயரும் பாயிண்டின் வில்லும் சேரும் இடத்திலுள்ள சிறு வாஷர் வரிசை மாறினால் காயில் செத்ததுபோலவே தோன்றும். கழற்றும்போது அந்த வரிசையைப் படம் எழுதி வைப்பவர்கள் புத்திசாலிகள்.

எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் புறப்படாமல், கார்புரேட்டர் வழியே படார் படார் என்று சீறினால் என்ன பொருள்? இங்கேதான் அநேகர் தடுமாறுகிறார்கள்.

பிஸ்டனின் வேலை நான்கு வீச்சுகள்: இழுத்தல், நெருக்குதல், எரிதல், புகையை வெளித்தள்ளல். இந்த நான்கும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. கேம் ஷாஃப்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே சுற்று. ஆகவே முதல் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது: நெருக்கி முடிக்கும்போது ஒரு தடவை, புகையைத் தள்ளி முடிக்கும்போது ஒரு தடவை. முன்புறப் புல்லியில் உள்ள குறிக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு தடவையும் அது ஒரே இடத்தில் வந்து நிற்கும். புகை தள்ளும் உச்சியை நெருக்கும் உச்சி என்று எண்ணி டிஸ்ட்ரிபியூட்டரின் கியரை இறக்கிவிட்டால், தீப்பொறி சரியாக அரைச் சுற்றுத் தவறி விழும். அப்போது இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். தீ கார்புரேட்டர் பக்கம் ஓடும்.

நாகல் நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு வாசலில் இப்படிப்பட்ட ஹெரால்டு ஒன்றைப் பார்த்தேன். அவருடைய தந்தையார் வாங்கிய வண்டி. மாதக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தும் இரண்டு வாரமாக எஞ்சின் வாய் திறக்கவில்லை. காயில், கண்டென்சர், பிளக் எல்லாவற்றையும் மறுபடியும் மாற்றிவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் தள்ளித் தள்ளிச் சலித்துப் போயிருந்தார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சுக் கிளம்பியிருந்தது. “எல்லாம் புதிது, ஐயா, இனி எதை மாற்றுவது?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

நாங்கள் எதையும் மாற்றவில்லை. பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தினோம். முதல் சிலிண்டரின் துளையில் அவருடைய பேரன் கட்டைவிரலை வைத்துக்கொண்டான். காற்று விரலைத் தள்ளியதும் மெல்ல நகர்த்திப் புல்லிக் குறியில் நிறுத்தினோம். உறுதிப்படுத்த ராக்கர் மூடியைத் திறந்து நான்காவது சிலிண்டரைப் பார்த்தேன். ஒரு வால்வு மூடி முடிய, மற்றது திறக்கத் தொடங்கும் நிலையில் இருந்தது. நான்காவதில் அப்படி இருந்தால் முதலாவது எரியவேண்டிய கணம் அதுவே. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தோம். ரோட்டார் முதல் சிலிண்டரின் ஒயரைப் பார்க்கவில்லை. நேர் எதிரே நான்காவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்குக் குறுக்கு வழி ஒன்றுண்டு. 1-3-4-2 என்பது எரியும் வரிசை. மூடியில் 1-ஐயும் 4-ஐயும், 3-ஐயும் 2-ஐயும் மாற்றிச் செருகினால் எஞ்சின் புறப்பட்டுவிடும். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆயினும் நாளை வேறொரு மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்து ஒயர்களைத் ‘திருத்தி’விட்டால் பழைய தொல்லை திரும்பும். கியரைத் தூக்கி அரைச் சுற்றுத் திருப்பி இறக்குவதையே நான் விரும்புவேன். அன்றும் அவ்வாறே செய்தோம். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் செல்ஃப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே மறந்துவிட்டார், பேரன்தான் எடுத்துவிட்டான்.

சீறலும் இல்லை, வெடிப்பும் இல்லை, வெறுமே சுற்றுகிறது என்றால் வால்வு இடைவெளியையும் பெட்ரோலையும் பார்க்கவேண்டும். இடைவெளி 1000-இல் 10 பங்கு. சற்றும் இல்லாமல் இறுக்கிவிட்டால் வால்வு முழுதும் மூடாது, அழுத்தமும் நிற்காது. காலியாகக் கிடந்த பெட்ரோல் பம்பைச் செல்ஃப் மோட்டாரால் நிரப்ப முயல்வது பேட்டரிக்குச் செய்யும் கொடுமை. பம்பின் அடியில் கைநெம்பு இருக்கிறது. அது தளர்ந்து ஆடினால் பம்பு கெட்டதென்று எண்ணவேண்டாம். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினால் பிடிப்பு வந்துவிடும். இன்று நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய காலத்து ரப்பர் டயஃப்ரம் அதைத் தாங்காது. ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் டயஃப்ரம் கிழிந்ததென்று கொள்ளலாம். அப்போது ஆயிலையும் மாற்றாமல் எஞ்சினைச் சுற்றக் கூடாது. பெட்ரோல் திறந்திருக்கையில் தீப்பொறிச் சோதனை செய்வதும் கூடாது.

புறப்பட்டதும் ஆயில் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். சில விநாடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால் சற்று வேகமாகவே ஓடவிட்டு, தண்ணீர்க் கசிவைக் கவனியுங்கள். முற்றும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளிகளைத் திரும்ப அளக்கவேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை என்று சமவெளியிலேயே ஓட்டுங்கள். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகள் அதற்குப் பிறகு.