சின்னச் சின்ன நாள்கள்: சிரிக்கவும் சேரவும்!



பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நம் நாட்காட்டியில் பெருநாள்களுக்குப் பஞ்சமே இல்லை. இவை போதாதென்று டோனட் தினம், ஐஸ்கிரீம் தினம், புன்னகை தினம், இட்லி தினம் என்று சின்னச் சின்ன நாள்களும் ஆண்டு முழுவதும் வரிசைகட்டி நிற்கின்றன. நிகழ்ச்சி படைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இவை நல்ல துணை. "இன்று என்ன நாள் தெரியுமா?" என்று தொடங்கினால் முதல் இரண்டு நிமிடம் கலகலப்பாகப் போய்விடும்.

ஆனால், "இந்த நாள்களெல்லாம் நமக்குத் தேவைதானா? எல்லாம் வியாபாரிகள் செய்யும் வேலைதானே?" என்று நேயர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, இந்த நாள்கள் எப்படிப் பிறந்தன என்று முதலில் பார்ப்போம்.

யார் அறிவிக்கிறார்கள்?

இத்தகைய நாள்களுக்குத் தாய்வீடு அமெரிக்கா. அங்கே சில நாள்களுக்கு அரசாங்க முத்திரையே உண்டு. 1984ஆம் ஆண்டு அதிபர் ரோனல்ட் ரேகன், ஜூலை மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையைத் தேசிய ஐஸ்கிரீம் தினமாக அறிவித்தார். ஆனால் பெரும்பாலான நாள்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1995இல் இரண்டு நண்பர்கள் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தபோது, 'கடற்கொள்ளைக்காரர்களைப் போலப் பேசும் நாள்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். செப்டம்பர் 19ஆம் தேதியைக் குறித்துக்கொண்டார்கள். 2002இல் டேவ் பேரி என்ற நகைச்சுவை எழுத்தாளர் தம் பத்தியில் அதைப் பற்றி எழுத, உலகமே அறிந்துகொண்டது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஒரு நாளை உருவாக்கலாமா? உருவாக்கலாம். ஆனால் அது நிலைத்து நிற்க ஏதாவது ஒரு காரணம் வேண்டும்.

சிரிப்புக்குப் பின்னால்...

டோனட் தினத்தை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் ஏதோ ஒரு நிறுவனத்தின் விற்பனைத் தந்திரம் என்றுதான் தோன்றும். உண்மை வேறு. முதல் உலகப் போரின்போது இரட்சணிய சேனையைச் சேர்ந்த பெண்கள் பிரான்சுக்குச் சென்று, போர்முனைக்கு அருகில் அமெரிக்க வீரர்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். வீட்டை விட்டு வெகுதூரம் வந்த பிள்ளைகளுக்கு அந்த இனிப்பு அம்மாவின் கையை நினைவூட்டியிருக்கும். அந்தப் பெண்களைச் சிறப்பிக்கவும், பொருளியல் மந்தத்தால் வாடிய ஏழைகளுக்கு நிதி திரட்டவும் 1938இல் சிகாகோவில் டோனட் தினம் தொடங்கப்பட்டது. இன்றும் ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை அது கொண்டாடப்படுகிறது.

நம் சிங்கப்பூரிலும் இப்படி ஒரு நாள் உண்டு. ஜூலை 21ஆம் தேதியை ஒட்டி நம் பிள்ளைகள் வேட்டி, பாஜு கூரோங், சியோங்சாம் அணிந்து பள்ளிக்குச் செல்கிறார்கள், அஞ்சாங்கல் ஆடுகிறார்கள், ஒருவர் உணவை மற்றவர் சுவைத்துப் பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு ஏதோ மாறுவேடப் போட்டி போலத் தோன்றும். ஆனால் 1964ஆம் ஆண்டு அதே தேதியில் மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்த நினைவைச் சுமந்துதான் 1997 முதல் இன நல்லிணக்க நாள் அனுசரிக்கப்படுகிறது. விளையாட்டாகத் தெரிவதன் அடியில் எவ்வளவு பெரிய பாடம் இருக்கிறது பாருங்கள்.

காரணம் மறந்துபோனால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. நவம்பர் 11இல் நான்கு 'ஒன்று'கள் தனித்தனியே நிற்கின்றன அல்லவா? அதை வைத்துத் திருமணமாகாத சீன மாணவர்கள் 1990களில் 'தனியாள் தினம்' என்று வேடிக்கையாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். 2009இல் அலிபாபா நிறுவனம் அந்த நாளில் இணைய விற்பனையைத் தொடங்கியது. இன்று 11.11 என்றால் நமக்கு நினைவுக்கு வருவது தள்ளுபடி விலையும் வாசலில் குவியும் பொட்டலங்களும்தான்.

எனவே, ஒரு நாள் நல்ல நாளா வெறும் விற்பனை நாளா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும். "இந்த நாள் என்னை எதையாவது வாங்கச் சொல்கிறதா, யாருக்காவது எதையாவது செய்யச் சொல்கிறதா?"

ஒரு முறை நிகழ்ச்சிக்குப் பிறகு வயதான அம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, தினம் ஒரு நாள் சொல்றீங்க. தனியா இருக்கிற எனக்கு எல்லா நாளும் ஒரே மாதிரிதாம்மா. பேரப்பிள்ளைங்க வந்தாத்தான் எனக்குப் பெருநாள்" என்றார். பெருநாள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். இடைப்பட்ட நாள்களில் அந்த அம்மாவின் கதவைத் தட்ட நமக்கு ஒரு சாக்கு வேண்டாமா? சின்ன நாள்கள் அந்தச் சாக்கைத் தருகின்றன.

எப்படிக் கொண்டாடலாம்?

மார்ச் 30 உலக இட்லி தினம். சென்னையில் இட்லித் தொழில் நடத்திய இனியவன் 2015இல் இதைத் தொடங்கிவைத்தார். அன்று வழக்கத்தைவிட ஒரு தட்டு இட்லி கூடுதலாக அவித்து, இதுவரை பேசியிராத பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் இன்னும் நல்லது. நெய்யும் இறைச்சியும் இல்லாத இட்லியைப் பெரும்பாலும் எல்லாருமே சாப்பிடலாம்.

ஜூலை 22, கணிதப் பிரியர்களின் 'பை' தோராய மதிப்பு தினம். 22ஐ 7ஆல் வகுத்தால் கிடைப்பது 'பை'யின் தோராய மதிப்பு. பிள்ளைகளிடம் ஒரு நூலைக் கொடுத்து, தோசைக்கல், சாப்பாட்டுத் தட்டு, குவளை ஆகியவற்றின் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். அதைக் குறுக்களவால் வகுத்தால் எல்லாவற்றுக்கும் மூன்றுக்குச் சற்று மேல் ஒரே விடை வரும். துணைப்பாட வகுப்பு இல்லாமலேயே கணிதம் இனிக்கும்.

அக்டோபர் மாத முதல் வெள்ளிக்கிழமை உலகப் புன்னகை தினம். 1963இல் மஞ்சள் நிறப் புன்னகை முகத்தை வரைந்த ஹார்வி பால் அதற்குப் பெற்ற கூலி 45 அமெரிக்க டாலர். அந்த முகம் வெறும் விற்பனைப் பொருளாகிவிட்டதே என்று வருந்திய அவர், அன்றாவது ஒருவரைப் புன்னகைக்க வைப்போம் என்று 1999இல் இந்த நாளைத் தொடங்கினார். 2011 முதல் சிங்கப்பூரில் சிறுவர் தினமும் அதே வெள்ளிக்கிழமைதான். தொடக்கப்பள்ளிகளுக்கு விடுமுறை. தாத்தா பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இதைவிட வாய்ப்பு ஏது?

குடும்பத்தோடு உண்ணும் நாளும் நம் சிங்கப்பூரில் 2003இல் தொடங்கியதுதான். வேலையிடங்கள் ஊழியர்களைச் சற்று முன்னதாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எல்லாரும் ஒரே மேசையில் உண்ண வேண்டும் என்பது அதன் நோக்கம். செலவு ஒன்றும் இல்லை. கைத்தொலைபேசியைத் தள்ளி வைத்தால் போதும்.

"எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்கு வார இறுதியிலும் வேலை. எப்படிக் கொண்டாடுவது?" என்று கேட்கலாம். சின்ன நாள்களின் அருமையே அங்குதான் இருக்கிறது. தீபாவளியை நம் வசதிக்குத் தள்ளிப்போட முடியாது. இட்லி தினத்தைத் தள்ளிப்போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் நாளே உங்கள் இட்லி தினம்!

இவ்வார இறுதியில் குடும்பத்தார் கூடி, உங்களுக்கென்று ஒரு சின்ன நாளைத் தேர்ந்தெடுங்கள். பாட்டியின் ரசத்துக்கு ஒரு நாள், பழைய படங்களைப் பார்க்க ஒரு நாள் என்று எதுவாகவும் இருக்கலாம். நாட்காட்டியில் வட்டமிடும்போது, அன்று யாரை அழைக்கப்போகிறீர்கள் என்ற பெயரையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.