குளிர்காலச் சம்பளப் பேச்சு

1952-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் ரால்ஃப் கைனர் 37 ஹோம் ரன் அடித்தார். நேஷனல் லீகில் ஏழாவது ஆண்டாக அவரை யாரும் முந்தவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் கிடைத்தது சம்பள வெட்டு. நீ இருந்தும் கடைசி இடம்தான், நீ இல்லாவிட்டாலும் அதே இடம்தானே என்பது பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கியின் வாதம். அணி 112 ஆட்டங்களில் தோற்றிருந்ததால் மறுத்துப் பேசவும் வழியில்லை. வேறு கிளப்புக்குப் போகலாமென்றால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பழைய கிளப்பிலேயே கட்டிப்போடும் 'ரிசர்வ்' விதி குறுக்கே நின்றது. இதே ரிக்கிதான் 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கென்று ஆலன் ராத் என்ற முழுநேரப் புள்ளிவிவரக்காரரை அமர்த்தியவர். எண்கள் அப்போதும் இருந்தன, முதலாளியின் மேசை இழுப்பறையில்.

சீசன் முடிந்தால் ஆட்டக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேடினார்கள். 1970-களில்கூட ரிச்சி ஹெப்னர் குளிர்காலத்தில் கல்லறைக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். போட்ட தொப்பையைக் கரைக்கத்தான் வசந்தகாலப் பயிற்சி முகாம்.

1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பு சொன்னார்: ஒப்பந்தமில்லாமல் ஓராண்டு ஆடியவர் இனி சுதந்திரமானவர். அதன்பின் குளிர்காலம் ஏலக்களமாகிவிட்டது.

2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ், ஹுவான் சோட்டோவை 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .288. பழைய செய்தித்தாள் வாசகர் இதற்கா இவ்வளவு என்று கேட்டிருப்பார். 41 ஹோம் ரன்னை அவரும் கவனித்திருப்பார். மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டே சோட்டோ 129 முறை முதல் பேஸுக்கு நடந்துபோனது அவர் கண்ணில் பட்டிருக்காது. எனக்கென்னவோ, அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் விலை.

பயிற்சியும் மாறிவிட்டது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவி, பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கிறது. சியாட்டிலுக்குப் பக்கத்தில் டிரைவ்லைன் மாதிரியான கூடங்களில் பிட்சர்கள் குளிர்காலம் முழுக்க அதிவேகக் கேமராக்களுக்கு முன்னால் எறிகிறார்கள். 2008-இல் மணிக்குச் சுமார் 91 மைலாக இருந்த சராசரி வேகப்பந்து, 2024-இல் 94 ஆனது. கூடவே முழங்கைகளும் அறுவை மேசைக்குப் போகின்றன. இந்த வேகவெறிதான் முக்கியக் காரணம் என்று மேஜர் லீகின் ஆய்வறிக்கையே 2024-இல் ஒப்புக்கொண்டது.

ஏலத்தில் எல்லோருக்கும் விலை கிடைத்துவிடுவதில்லை. முப்பதைத் தாண்டினால் ஆட்டம் இறங்கும் என்று கிளப்புகளின் கணிப்பொறிகள் சொல்ல ஆரம்பித்தன. 2018 பிப்ரவரியில் ஒப்பந்தமில்லாமல் நின்றவர்கள் ஏராளம். அவர்களுக்காக ஃபுளோரிடாவின் பிரேடன்டனில் ஆட்டக்காரர் சங்கமே தனி முகாம் நடத்த வேண்டியதாயிற்று.