கை மரத்துப்போனால் ஹேண்டில்பாரைப் பாருங்கள்

சென்னையிலிருந்து வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 16, தடா, சூளூர்பேட்டை தாண்டி நாயுடுபேட்டை வரை பெரிய வளைவோ ஏற்றமோ இல்லாமல் ஓடுகிறது. பைக்கில் வருபவருக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கை வைத்த இடத்திலேயே இருக்கும். மலைப்பாதையில் உடம்பு இப்படியும் அப்படியும் சாய்வதால் மறைந்துகிடக்கும் குறை இங்கே வெளிப்பட்டுவிடும். காளஹஸ்தி, திருப்பதிப் பக்கம் திரும்புமுன் நாயுடுபேட்டையில் டீக்கு இறங்கிக் கையை உதறுகிறவர், எந்த விரல் மரத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால், உள்ளங்கையின் வெளிப்பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு அழுந்துகிறது. உடல் எடை கையில் இறங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மீடியன் நரம்பு. மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தே இருந்தால் இது நெருக்கப்படும்.

ஹேண்டில்பார் உட்காரும் நிலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு சென்னையிலேயே சாட்சி உண்டு. இந்த ஊர் நிறுவனமான ராயல் என்ஃபீல்டு 2018இல் கொண்டுவந்த இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டுக்கும் ஒரே 648 சிசி எஞ்சின், ஒரே சட்டகம். இன்டர்செப்டரில் அகன்ற, உயர்ந்த ஹேண்டில்பார். ஜிடியில் ஃபோர்க் குழாய்களைத் தனித்தனியே கவ்விய தாழ்ந்த கைப்பிடிகள். ஃபுட்ரெஸ்டும் பின்னால் தள்ளியிருக்கும். முதலாவதில் நிமிர்ந்து உட்காரலாம், அடுத்ததில் குனிந்தாக வேண்டும். குனிவதிலும் லாபம் உண்டு. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதிவேகத்தில் எதிர்க்காற்றே மார்பைத் தாங்கிக் கையின் பாரத்தைக் குறைக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தயவு போதாது. நம் சாலைகளுக்கு நிமிர்ந்த ஹேண்டில்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

அதற்காக ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் வாங்க உடனே ஓடவேண்டாம். முதலில் லிவர்களைப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து விரல்களை நீட்டினால் முழங்கை முதல் விரல்நுனிவரை ஒரே கோடாக வந்து கிளட்ச், பிரேக் லிவர்கள் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் லிவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திச் சற்றே சுழற்றினால் போதும். பலருக்கு இதிலேயே பாதி வலி போய்விடும். போதவில்லையென்றால்தான் ஹேண்டில்பார். பழைய இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, கிளாம்ப் போல்ட்களைத் தளர்த்திச் சில மில்லிமீட்டர் மட்டும் உங்கள் பக்கம் சுழற்றுங்கள். ஆசைப்பட்டு அதிகம் இழுத்தால் கைப்பிடிகளின் நுனி கீழே சாய்ந்து, மணிக்கட்டு வேறு பக்கம் முறுக்கிக்கொள்ளும். திரும்ப இறுக்கும்போது, சில வண்டிகளில் கிளாம்பின் முன் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கவேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதையும் அந்த வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும்.

வேலை முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கேபிளோ பிரேக் குழாயோ விறைக்கக் கூடாது, கை டேங்கில் இடிக்கக் கூடாது. பிறகு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுத் திருப்புங்கள். தானாக எஞ்சின் வேகம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் அந்த வண்டியைத் தெருவுக்குக்கூட எடுக்காதீர்கள்.